அல்புமின் குறைவு, கால்சியம் குறைவு, மடங்கிய கை: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

காசிமேட்டுப் பக்கம் மீன் வியாபாரம் செய்யும் 41 வயதுப் பெண். (யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், சோதனை எண்கள் அப்படியேதான் இருக்கின்றன.) சர்க்கரை, பிரஷர் எதுவும் முன்பு இல்லை. சில மாதங்களாகக் காலில் வீக்கம், காலையில் எழுந்தால் இமைகள் தடித்திருக்கும், சிறுநீரில் நுரை. வெளியே ஒரு கிளினிக்கில் சிறுநீரில் புரதம் போகிறது என்று கண்டுபிடித்து, வீக்கம் வடிய ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் மாத்திரை இரண்டு வேளை கொடுத்திருந்தார்கள். வீக்கம் கூடிய நாட்களில் அவராகவே மூன்றாவது மாத்திரையும் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் துறைமுகத்து ஏலத்துக்குப் போய் நிற்க வேண்டிய பிழைப்பு; தடித்த காலோடு நிற்க முடியாது. அவர் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது.

எங்களிடம் வந்தது வீக்கத்துக்காக அல்ல. "மீன் நறுக்கும்போது கை தானா மடங்கிக்குது டாக்டரம்மா. வாயைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்றார். இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதும் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன் இதே தொல்லைக்காக அதே கிளினிக்குக்குப் போனபோது பயத்தால் வருவது என்று சொல்லி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தக் கிளினிக்கின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 6.9 மில்லிகிராம், ரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமின் 1.5 கிராம். பக்கத்தில் பேனாவால் 8.9 என்று எழுதி, சரி என்று டிக் போட்டிருந்தது.

அந்த 8.9 எப்படி வந்தது என்பது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். கால்சியத்தில் ஒரு பங்கு அல்புமினில் ஒட்டியிருப்பதால், அல்புமின் 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 மில்லிகிராம் கால்சியத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2.5 கிராம் குறைவு, ஆகவே 2.0 கூட்ட 8.9. கணக்கில் தப்பில்லை. ரிப்போர்ட்டில் சிவப்பாகத் தெரிந்த 6.9-ஐப் பார்த்து உடனே கால்சியம் ஊசி போடாமல், அல்புமினையும் சேர்த்துப் பார்த்ததே நல்ல விஷயம்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் கை மடங்கிக்கொண்டே இருந்தது.

வார்டில் பார்த்தது

ரத்த அழுத்தம் 110/70. கால் முழங்கால்வரை வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. பயிற்சி மருத்துவர் ஒருவர் பிரஷர் பார்க்கும் பட்டையை அவருடைய புஜத்தில் கட்டி, மேல் அழுத்தத்தைவிட 20 கூட்டி, காற்றை அப்படியே நிறுத்திவைத்தார். முதல் நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடத்தில் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் சாய்ந்தது. அப்புறம் மணிக்கட்டு மடங்கியது, விரல்கள் அடிக்கணுவில் வளைந்து, நுனிவரை விறைத்து நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "இதேதான், இப்படித்தான் ஆவுது" என்றார் அவர். மறு கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பட்டையைத் தளர்த்திய பிறகுதான் கை மெல்ல விட்டது. இதற்கு ட்ரூசோ குறி என்று பெயர். நரம்பைச் சுற்றித் தனி அயனியாக இருக்கும் கால்சியம் குறைந்துவிட்டது, கொஞ்சம் தூண்டினாலே நரம்பு தாறுமாறாகத் துடிக்கிறது என்று பொருள். ஈ.சி.ஜி.யில் திருத்திய க்யூ.டி. இடைவெளி (ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மின்சாரரீதியாக மீள எடுக்கும் நேரம்) 490 மில்லிசெகண்டு, அதுவும் நீளம்தான்.

அன்றைய ரத்தப் பரிசோதனை: மொத்தக் கால்சியம் 6.7, அல்புமின் 1.4, பாஸ்பரஸ் 3.4, கிரியேட்டினின் 0.9, பொட்டாசியம் லிட்டருக்கு 2.9 மில்லிமோல், மெக்னீசியம் டெசிலிட்டருக்கு 1.1 மில்லிகிராம். ஒரு நாள் சிறுநீரில் 7.8 கிராம் புரதம். இதே சூத்திரத்தைப் போட்டால் 6.7-ம் 2.1-ம் சேர்ந்து 8.8. வார்டு குறிப்பிலும் அதையே எழுதி, "திருத்திய கால்சியம் இயல்பு" என்று முடித்திருந்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஆய்வக மருத்துவரான என்னை வார்டுக்குக் கூப்பிட்டார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். பொட்டாசியம் குறைந்திருந்ததால் சேர்த்த அன்றே ரத்த வாயுப் பரிசோதனை செய்திருந்தார்கள். மெஷின் துப்பிய அந்தச் சின்னச் சீட்டு உள்ளே ஒட்டியிருந்தது. பி.எச்.சை (ரத்தத்தின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) சுற்றி ஒரு வட்டம், பொட்டாசியத்தைச் சுற்றி ஒரு வட்டம். கடைசிக்கு முந்தைய வரியில் அயனிக் கால்சியம் 0.91 மில்லிமோல் என்று இருந்தது. அந்த வரியில் யாருடைய பேனாவும் படவில்லை. இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்த ஒரு வரிதான். பல மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் வாயு மெஷினே இந்த அளவைச் சேர்த்துத் தந்துவிடுகிறது. தனிச் செலவில்லை, தனி மாதிரி வேண்டியதில்லை. யாராவது படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதிரியை மறுபடி எடுத்தோம்

0.91 என்பதை அப்படியே நம்பவும் நான் தயாராக இல்லை. சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்ததாகவும், லிஃப்டுக்குக் காத்திருந்ததில் நேரம் ஆனதாகவும் மெஷினை இயக்கியவர் சொன்னார். குமிழி இருந்தால் ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதற்குள் தப்பிப் போகும், பி.எச். ஏறும், அயனிக் கால்சியம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் திரவ ஹெப்பாரினைச் சிரிஞ்சில் நிறைய இழுத்துவைப்பவர்களும் உண்டு. ஹெப்பாரினே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள். நேர் எதிரான பிழையும் நடக்கும்: ரத்தக்குழாய் தெரியவில்லை என்று நோயாளியைக் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, அயனிக் கால்சியம் கூட்டிக் காட்டும். ரத்தம் எடுக்கக் கையில் போடும் கட்டை நெடுநேரம் இறுக்கி வைத்தால் நீர் வெளியேறி, புரதம் அடர்ந்து, மொத்தக் கால்சியம் ஏறும்.

ஆகவே கட்டு இல்லாமல், கை அசையாமல், கால்சியம் சமன்செய்த உலர் ஹெப்பாரின் சிரிஞ்சில் எடுத்து, குமிழியை வெளியேற்றி மூடி, கையோடு கொண்டுபோய் மெஷினில் வைத்தோம். அயனிக் கால்சியம் 0.94 மில்லிமோல். எங்கள் ஆய்வகத்தின் இயல்பு வரம்பு 1.15 முதல் 1.30. பி.எச். 7.54, பை-கார்பனேட் 36, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 44.

ஆக, குறைவு உண்மைதான். சூத்திரம்தான் அதை மறைத்திருந்தது.

ரத்தத்தில் கால்சியம் எப்படி இருக்கிறது

ஆரோக்கியமான ஒருவரின் சீரத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய பாதி தனி அயனியாக மிதக்கிறது. 40 சதவீதம் அளவுக்குப் புரதத்தில் ஒட்டியிருக்கிறது, அதிலும் ஐந்தில் நான்கு பங்கு அல்புமினில், மீதி குளோபுலினில். பாக்கி 10 சதவீதம் சிட்ரேட், பாஸ்பேட், பை-கார்பனேட், லாக்டேட் போன்ற சின்ன அயனிகளோடு சேர்ந்திருக்கிறது. நரம்புக்கும் தசைக்கும் இதயத்துக்கும் கணக்கு முதல் பாதி மட்டும்தான். ரத்தத்தின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியும் அதைத்தான் பார்க்கிறது. 1993-ல் மாட்டின் பாராதைராய்டிலிருந்து பிரித்தறியப்பட்ட கால்சியம் உணர் ஏற்பி தனி அயனியை உணருமே தவிர, அல்புமினில் ஒட்டியதை உணராது.

நோயாளியின் கணவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருந்தது. துறைமுகத்தில் மொத்தம் எத்தனை படகு என்று எண்ணினால் அது மொத்தக் கால்சியம், கடலுக்குப் போன படகு எத்தனை என்று எண்ணினால் அது அயனிக் கால்சியம், மீன் வருவது இரண்டாவதிலிருந்துதான் என்றேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வாழ்ந்து பழகியவர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

இனி அல்புமின் பக்கம். 585 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. ரத்தத்தின் பி.எச். 7.4-ல் அதன் மொத்த மின்சுமை எதிர்க்குறி, காரணம் ஆஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்களின் கார்பாக்சில் முனைகள். நேர்க்குறிச் சுமை கொண்ட கால்சியம் அவற்றில் வந்து ஒட்டும், அடுத்த கணமே விடும். பிடி மிகவும் லேசானது. இந்த லேசான பிடியில்தான் உடலுக்கு லாபம்: தனி அயனி குறையும்போது ஒட்டியிருப்பது உடனே கழன்று வர முடிகிறது.

எல்லாத் தாதுக்களும் இப்படி இல்லை. இரும்பை எடுத்துக்கொண்டால், டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் இரண்டே இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒரு கார்பனேட் அயனியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அது பூட்டப்படுகிறது. பிடி அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் ரத்தத்தில் தனி இரும்பு அயனி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. செல்லுக்குள் அமிலச் சூழலுக்குப் போன பிறகுதான் டிரான்ஸ்ஃபெரின் கையை விடும். தாமிரத்தின் பெரும்பகுதி கல்லீரலிலேயே செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்குள் வைத்துக் கட்டப்பட்டுத்தான் வெளியே வருகிறது. துத்தநாகத்தின் பெரும்பங்கு அல்புமினில். அல்புமினின் தொடக்க முனையில் மூன்றாவதாக நிற்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் தாமிரத்துக்கு ஒரு நல்ல இருக்கை. நாயின் அல்புமினில் அதே இடத்தில் டைரோசின் இருப்பதால் அந்த இருக்கை கிடையாது, தாமிரத்தை அது தளர்வாகத்தான் பிடிக்கும். ஒரே புரதம், பாலூட்டிக்குப் பாலூட்டி ஒரு எழுத்து மாறினால் போதும். இந்த நிகழ்வுக்கு நேரடித் தொடர்பில்லை என்றாலும், நான் பாடம் எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

இந்தப் பெண்ணுக்கு முக்கியமானது ஹைட்ரஜன் அயனி. மனித அல்புமினில் 16 ஹிஸ்டிடின்கள் உண்டு, அவற்றின் வளையங்கள் ரத்தத்தின் பி.எச். வரம்பிலேயே ஹைட்ரஜனை ஏற்கவும் விடவும் செய்பவை. ரத்தம் காரத்தன்மைக்கு நகரும்போது ஹைட்ரஜன் கழன்று போகிறது, எதிர்க்குறிச் சுமை கூடுகிறது, கால்சியம் ஒட்ட இடம் பெருகுகிறது. பி.எச். 0.1 ஏறினால் அயனிக் கால்சியம் தோராயமாக 0.05 மில்லிமோல் இறங்கும். மொத்தக் கால்சியத்தில் ஒரு துளி மாற்றமும் தெரியாது. பயத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குபவர்களுக்குக் கை மரத்து இழுத்துக்கொள்வது இதனால்தான். இந்தப் பெண்ணுக்கோ மூச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. காரத்தன்மை வந்தது ஃபுரோசமைடால்: உப்பும் நீரும் பொட்டாசியமும் சிறுநீரில் போகப் போக, சிறுநீரகம் ஹைட்ரஜனையும் சேர்த்து வெளியேற்றி, பை-கார்பனேட்டைச் சேமித்துக்கொண்டது.

சூத்திரம் ஏன் கைவிட்டது

1973-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் பெய்ன் குழுவினர் நோயாளிகளின் கால்சியத்தையும் அல்புமினையும் வரைபடத்தில் போட்டு, இரண்டுக்கும் இடையிலான நேர்கோட்டிலிருந்து ஒரு திருத்தத்தைப் பெற்றார்கள். நாம் மனப்பாடம் செய்த 0.8 அதன் வழிவந்த வடிவங்களில் ஒன்று. அன்றைக்கு அயனியை நேரடியாக அளப்பது எளிதல்ல. 1930-களில் மெக்லீனும் ஹேஸ்டிங்ஸும் தவளை இதயத்தை ரத்தச் சீரத்தில் துடிக்கவிட்டு, துடிப்பின் உயரத்தைக் கொண்டு தனிக் கால்சியத்தைக் கணித்தவர்கள். அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே கால்சியம் இல்லாத நீரில் தவளை இதயம் சுருங்காது என்று சிட்னி ரிங்கர் காட்டியிருந்தார். கால்சியத்துக்கான மின்முனை 1967-ல்தான் வந்தது, அது படுக்கையருகே வந்து சேரப் பல வருடம் பிடித்தது. அந்த இடைக்காலத்துக்குச் சூத்திரம் செய்த உதவி பெரிது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் அது பல விஷயங்களை மாறாதவை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் அல்புமின் எப்போதும் அதே அளவு கால்சியத்தைப் பிடிக்கும் என்கிறது. அல்புமின் மிகவும் குறையும்போது மிச்சமிருக்கும் ஒவ்வொரு கிராமும் கூடுதலாகப் பிடிக்கிறது. அப்போது 0.8 என்பது அளவுக்கு மீறிய திருத்தமாகி, உண்மைக் குறைவை இயல்பாகக் காட்டிவிடும். பி.எச். அதன் கணக்கிலேயே இல்லை. அல்புமின் அளவும் முழு நம்பிக்கைக்குரியதல்ல: அதை அளக்கப் பயன்படும் புரோமோகிரெசால் பச்சைச் சாயம் குளோபுலின்களோடும் கொஞ்சம் சேர்வதால், சிறுநீரில் புரதம் போகும் நோயாளிகளிடம் அல்புமினைக் கூட்டிக் காட்டும் பழக்கம் உண்டு.

காரத்தன்மை மட்டும்தான் காரணமா என்றும் பார்த்தோம். 0.94-ஐ பி.எச். 7.40-க்குத் திருத்தினால் சுமார் 1.01 வருகிறது. அந்தத் திருத்தம் இயல்பான அல்புமினை வைத்து உருவானது. இவ்வளவு குறைந்த அல்புமினில் பி.எச்.சின் பங்கு இன்னும் சிறிதாகவே இருக்கும். எப்படிப் பார்த்தாலும் 1.15-ஐத் தொடவில்லை, வேறு காரணமும் இருந்தாக வேண்டும். மெக்னீசியம் 1.1 ஒரு காரணம். அதையும் ஃபுரோசமைடுதான் சிறுநீரில் கொட்டியிருந்தது. மெக்னீசியம் இவ்வளவு குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரக்காது, சுரந்ததும் எலும்பில் சரியாக வேலை செய்யாது. இவருக்கு ஹார்மோன் 41 பிகோகிராம். வரம்புக்குள்ளேதான் இருக்கிறது, ஆனால் அயனிக் கால்சியம் 0.94 இருக்கும்போது 41 என்பது சுரப்பி வாய் திறக்காமல் இருப்பதற்குச் சமம்.

சிகிச்சை

மறுநாள் காலை 20 சதவீத அல்புமின் பாட்டில் ஏற்றி, தொடர்ந்து ஃபுரோசமைடு ஊசி போடுவதாக வார்டில் திட்டம் இருந்தது. வீக்கத்துக்கு வழக்கமாகச் செய்வதுதான். அதை நிறுத்தச் சொன்னோம். புது அல்புமின் உள்ளே போனதும் கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஃபுரோசமைடு மிச்சக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் அனுப்பும். ஏற்கெனவே கை மடங்கிக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தால் வலிப்புவரை போக வாய்ப்புண்டு.

கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம், 10 மில்லி (உண்மைக் கால்சியம் 93 மில்லிகிராம்) டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றினார்கள். மெக்னீசியம் சல்பேட் வேறொரு ரத்தக்குழாயில். இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் கால்சியம் சல்பேட்டாகப் படியும். பொட்டாசியத்தை அதற்கு அப்புறம்தான் தொடங்கினார்கள். பொட்டாசியக் குறைவு இந்த இழுப்பை ஓரளவு அடக்கி வைத்திருக்கும், கால்சியத்தைக் கவனிக்காமல் பொட்டாசியத்தை மட்டும் ஏற்றினால் இழுப்பு கிளம்பிவிடலாம் என்பதால் இந்த வரிசை. ஃபுரோசமைடு நின்றது, வீக்கத்துக்குப் பொட்டாசியத்தை வெளியேற்றாத ஸ்பைரோனோலாக்டோன் வந்தது, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கருவாட்டை விடுவதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அன்று மாலையே வாயைச் சுற்றியிருந்த ஊறல் போனது. மறுநாள் அயனிக் கால்சியம் 1.06, பி.எச். 7.47. மூன்றாம் நாள் மெக்னீசியம் 1.9, அயனிக் கால்சியம் 1.12. வீட்டுக்கு அனுப்பும் நாளில் அயனிக் கால்சியம் 1.17, பி.எச். 7.42, பை-கார்பனேட் 27, மொத்தக் கால்சியம் 7.2, அல்புமின் 1.5.

இந்தக் கடைசி எண்களைச் சேர்க்கை நாளோடு வைத்துப் பாருங்கள். மொத்தக் கால்சியம் 6.7-லிருந்து 7.2 ஆனது, மில்லிமோலில் சொன்னால் 0.12 உயர்வு. அயனிக் கால்சியமோ 0.94-லிருந்து 1.17, அதாவது 0.23 உயர்வு. ஏற்றிய கால்சியம் மட்டும் இந்த வித்தியாசத்தைத் தந்திருக்க முடியாது. காரத்தன்மை இறங்கியபோது அல்புமினிலும் பை-கார்பனேட்டிலும் மாட்டியிருந்த பங்கு கழன்று வெளியே வந்திருக்கிறது. ஒரு நோயாளியின் ரத்தத்தில் இவ்வளவு தெளிவாக இதைக் காண்பது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. 7.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ரிப்போர்ட் இன்னமும் 'குறைவு' என்றுதான் காட்டியது, அவர் இரண்டு கையாலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்.

புரதம் போவதன் காரணம், ஃபாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2 ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்ததால், மெம்பரேனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரக வடிகட்டிகளின் சவ்வைத் தாக்கும் நோய்) என்று முடிவானது. அந்தச் சிகிச்சையைச் சிறுநீரகப் பிரிவு பார்த்துக்கொள்கிறது.

வைட்டமின் டி: அதே சிக்கல் மறுபடியும்

சேர்த்தபோது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 6 நானோகிராம். பார்த்ததும் கடும் பற்றாக்குறை என்று எழுதத் தோன்றும். ஆனால் இந்த வைட்டமினும் ரத்தத்தில் தனியே போவதில்லை, அதற்கென்று ஒரு சுமக்கும் புரதம் இருக்கிறது. அல்புமினைவிடச் சற்றுச் சிறியது. அல்புமின் ஒழுகும் சிறுநீரகத்தில் அதுவும் ஒழுகும், சுமையோடு சேர்ந்தே. ஆகவே 6 என்ற எண்ணில் எவ்வளவு உண்மைப் பற்றாக்குறை, எவ்வளவு புரத இழப்பு என்று அந்த எண்ணே சொல்லாது.

மெக்னீசியம் சரியாகும்வரை காத்திருந்து பாராதைராய்டு ஹார்மோனை மறுபடி பார்த்தோம். 118. சுரப்பி இப்போதுதான் குரல் கொடுத்தது. அயனிக் கால்சியம் 1.12 வரை வந்த பிறகும் அது இவ்வளவு உழைக்க வேண்டியிருக்கிறது என்றால் வைட்டமின் டி பற்றாக்குறை உண்மையாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை கோலிகால்சிஃபெரால் என்ற வைட்டமின் டி மருந்தும், சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்கள். ஆறாவது வாரம் வந்தபோது அயனிக் கால்சியம் 1.20, ஹார்மோன் 72, அல்புமின் 1.9. வைட்டமின் டி 11-தான். ஹார்மோன் இறங்கிக்கொண்டிருப்பதால் அந்த 11-ஐத் துரத்தி மருந்தளவைக் கூட்டவில்லை. அடுத்த முறை ஹார்மோனையும் அயனிக் கால்சியத்தையும் பார்த்துத்தான் முடிவு.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது அல்புமின் 2.5-க்குக் கீழே வந்தால் திருத்திய கால்சியம் என்ற வரியே அச்சாவதில்லை. அந்த இடத்தில் அயனிக் கால்சியம் பார்க்கவும் என்ற குறிப்பும், மாதிரியைக் கட்டு இல்லாமல், குமிழி இல்லாமல் எடுக்க வேண்டிய முறையும் அச்சாகின்றன.